வாயு பிரிந்ததா?

வெள்ளிக்கிழமை விடியற்காலை நாலரை மணி. திருச்சியில் ஒரு மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவில் அம்மாவைப் படுக்க வைத்திருந்தோம். பணியில் இருந்த இளம் மருத்துவர் அம்மாவின் வயிற்றில் இடக்கையைப் பரப்பி வைத்து, அதன் நடுவிரலை வலக்கை விரலால் தட்டிப் பார்த்தார். தவிலைத் தட்டினாற்போல ஓசை வந்தது.

"மலம் போய் எத்தனை நாள் ஆயிற்று, அம்மா?"

"மூன்று நாள் இருக்கும்."

"வாயு கடைசியாக எப்போது பிரிந்தது?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். மருத்துவருக்குப் புரிந்துவிட்டது. என்னைத் திரைக்கு வெளியே நிற்கச் சொன்னார். உள்ளே என் மனைவி குனிந்து ஏதோ கேட்டாள். "செவ்வாய்க்கிழமை ராத்திரியோடு நின்றுபோய்விட்டது, கண்ணு" என்று அம்மா சொன்னது திரைக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது.

அதற்கு முந்தைய நாட்களில் நாங்கள் எவ்வளவோ கேட்டிருந்தோம். சாப்பிட்டாயா, வலி குறைந்ததா, மாத்திரை போட்டாயா, வெந்நீர் குடித்தாயா. இந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. மகன் தாயிடம் கேட்கிற கேள்வியாக அது எனக்குத் தோன்றவே இல்லை. மலம் மட்டும் போகவில்லை என்றால் அது மலச்சிக்கலாக இருக்கலாம். வயிறு உப்பி, மலமும் போகாமல், வாயுவும் பிரியாமல் நின்றுவிட்டால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அதை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இது அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் புதன்கிழமையே அம்மாவைக் கூட்டிவந்திருப்பேன்.

அம்மாவுக்கு அப்போது 69 வயது. லால்குடிப் பக்கம் எங்கள் கிராமத்து வீட்டில் தனியாக இருந்தாள். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் நாலைந்து தடவை இடப்பக்க அடிவயிற்றில் வலி வந்தது. கூடவே லேசான காய்ச்சல், சிறுநீர் போகும்போது ஒரு கடுப்பு. ஒவ்வொரு முறையும் நீர்க்கடுப்பு என்றே எடுத்துக்கொண்டோம். உடம்புச் சூடு என்று வெந்தயத்தை ஊறவைத்து மோரில் குடிப்பாள். வலி தாங்காவிட்டால் பக்கத்து ஊரில் ஆன்டிபயாடிக் எழுதி வாங்கி வருவாள். நாலைந்து நாளில் சரியாகிவிடும். சரியானதால் யாரும் மேற்கொண்டு பார்க்கவில்லை. சிறுநீர்த் தொற்றைத் தணிக்கும் அதே மருந்து குடலில் இருந்த அழற்சியையும் தணித்திருக்கலாம் என்று பின்னால் மருத்துவர் சொன்னார். அந்த மூன்று ஆண்டுகளில் ஒரு தடவையாவது ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும். அதே இடத்தில் அதே வலி காய்ச்சலோடு திரும்பத் திரும்ப வந்தால், வீட்டுப் பெரியவர்கள் பெயர் வைத்துவிட்ட நோயோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றும் இருந்தது. மூட்டுவலிக்காக மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் மாத்திரையைத் தானாகவே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். எந்நாளும் இல்லை என்றாலும் நடவு, களையெடுப்பு நாட்களில் தவறாமல். அந்த வகை வலி மாத்திரைகள் குடலில் இருந்த அந்த அழற்சி நோயைச் சிக்கலாக்கக்கூடும், ஓட்டை விழுவதற்கும் வாய்ப்பைக் கூட்டும் என்பது மருத்துவர் மருந்துச் சீட்டுகளைக் கேட்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நல்ல வேளையாக என் மனைவி அம்மாவின் மாத்திரை டப்பாவையே பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. அவசரத்துக்குக் கிளம்பும்போது அடையாள அட்டை, காப்பீட்டு அட்டையோடு இதையும் மறக்காதீர்கள்.

நோயின் பெயர் டைவர்டிகுலர் நோய். சைக்கிள் டயர் கிழிந்த இடத்தில் உள்ளே இருக்கும் ட்யூப் மொக்கு மாதிரி வெளியே பிதுங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பெருங்குடலிலும் அப்படித்தான். ரத்தக் குழாய்கள் தசைச் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிற இடங்கள் இயல்பாகவே கொஞ்சம் பலம் குறைந்தவை. வயதாக ஆக, குடலுக்குள் அழுத்தம் கூடும்போது உள்சவ்வு அந்த இடங்களில் சிறு சிறு பைகளாகப் பிதுங்கிவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அது கடைசிவரை எந்தத் தொந்தரவும் தருவதில்லை. சிலருக்கு ஒரு பை வீங்கிச் சீழ் வைக்கிறது. அழற்சி வருவதும் ஆறுவதுமாகவே இருந்தால், புண் ஆறிய தோலில் தழும்பு இறுகுவதைப் போலக் குடல் சுவரும் இறுகிச் சுருங்கிவிடுகிறது. அம்மாவுக்குச் சுருங்கியது இடப்பக்கத்தில், மலக்குடலுக்குச் சற்று மேலே வளைந்திருக்கும் சிக்மாய்ட் பகுதி.

அடைப்பு ஒரே நாளில் வந்ததில்லை. பல மாதங்களாக மலம் பென்சில் கனத்துக்கு மெலிந்து வந்திருக்கிறது. நான்கு நாள் சிக்கலாக இருந்துவிட்டு ஐந்தாம் நாள் நீராகப் போயிருக்கிறது. அடைபட்ட மலத்தைச் சுற்றி நீர் மட்டும் கசிந்து வருவதை, வயிறு இளகிவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டாள். இதையெல்லாம் அறுவைச் சிகிச்சை முடிந்து பல நாள் கழித்து, விளக்கணைத்த பிறகு, இருட்டில் என் மனைவியிடம்தான் சொன்னாள்.

செவ்வாய் ராத்திரி வாயு நின்றது. புதன் காலை விளக்கெண்ணெய் குடித்தாள். மதியம் வயிறு முறுக்கி முறுக்கி வலித்தது. வியாழன் காலை கடையில் பேதி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாள். பக்கத்து வீட்டு அத்தை நார்ச்சத்து இறங்கினால் போகும் என்று வாழைத்தண்டு பொரியல் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் அன்போடு செய்தவை. ஆனால் வழி அடைபட்ட குடலுக்கு இவை மூன்றுமே கேடு. எங்கள் ஊர் வாய்க்காலில் கீழ்மதகு அடைத்துக் கிடக்கும்போது மேலே தண்ணீரைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். மதகு உடையாது, எங்கே கரை மெலிந்திருக்கிறதோ அங்கே உடைப்பெடுக்கும்.

குடலிலும் அதே கதைதான் என்பதை அன்று காலை எக்ஸ்ரே படத்தில் பார்த்தேன். அடைப்பு இடப்பக்கம். அம்மாவோ வியாழன் இரவிலிருந்து வலப்பக்க அடிவயிறு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வலி இடம் மாறியதை நல்ல சகுனமாக நாங்கள் எடுத்துக்கொண்டோம். பெருங்குடல் தொடங்குகிற சீக்கம் என்னும் பகுதி வலப்பக்கம் இருக்கிறது. குடலிலேயே அகலமான இடம் அது. காற்று நிரம்பும்போது அகலமான இடத்தின் சுவரில்தான் இழுவிசை அதிகம். பெருங்குடலின் மற்றப் பகுதிகள் 6 சென்டிமீட்டரையும், சீக்கம் 9 சென்டிமீட்டரையும் தாண்டினால் விரிந்துவிட்டது என்று கணக்கு; சீக்கம் 12 சென்டிமீட்டரை நெருங்கினால் வெடிக்கும் ஆபத்து மிக அதிகம். அம்மாவுக்குப் பத்தரை இருந்தது. மருத்துவர் அந்த இடத்தை அழுத்தியபோது அவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் என் மணிக்கட்டில் பதிந்துவிட்டது.

வியாழன் மாலை வரை அம்மாவுக்கு வாந்தி வரவில்லை. "வாந்தி இல்லையே, அப்படியென்றால் பயமில்லை" என்று நானே போனில் சொன்னேன். அது தப்பு. சிறுகுடல் அடைத்தால் வாந்தி சீக்கிரம் வரும். பெருங்குடல் அடைத்தால் மிகத் தாமதமாக வரும், வராமலும் போகலாம். சிறுகுடலுக்கும் பெருங்குடலுக்கும் நடுவே ஒரு வால்வு இருக்கிறது. அது கெட்டியாக மூடிக்கொண்டால் உள்ளே சேர்வது மேலேயும் ஏற முடியாது, கீழேயும் இறங்க முடியாது. வாந்தி வராத அந்த நிலைதான் அதிகம் பயப்பட வேண்டியது.

வயிற்றில் சேர்ந்ததை வெளியே எடுக்க மூக்கு வழியே ரைல்ஸ் டியூப் என்னும் குழாய் போட்டார்கள். அது உள்ளே போகும்போது நோயாளி மிரண்டுவிடுவார். தலையைச் சற்றுக் குனியச் சொல்லி, எச்சிலை விழுங்கு விழுங்கு என்று பக்கத்தில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தால் எளிதாக இறங்கும். சிறுநீருக்கும் குழாய். வாய்வழியே ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. உதடு காய்ந்து வெடித்தது. பஞ்சை நனைத்து ஒற்றி எடுக்க மட்டும் அனுமதித்தார்கள். ஸ்கேனுக்கு முன்னால் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்தார்கள். உடம்பில் நீர் வற்றியிருந்ததாலும் வலி மாத்திரை போட்டதாலும் ஸ்கேனுக்காக ரத்தத்தில் ஏற்றும் சாய மருந்தைச் சிறுநீரகம் தாங்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது.

சி.டி. ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டிக்கொண்டே சர்ஜன் பேசினார். பெருங்குடல் அடைப்பு என்றாலே முதலில் நினைப்பது புற்றுநோயைத்தான்; பாதிக்கு மேல் அதுதான் காரணம். அடுத்தது குடல் முறுக்கு. நம் நாட்டில் அது நிறைய வரும். மூன்றாவதாகத்தான் இந்தப் பிதுக்கப் பைகள் வரும். இங்கே பைகள் தெரிகின்றன, சுருக்கமும் நீளமாக இருக்கிறது, சுற்றியுள்ள கொழுப்பு அழன்றிருக்கிறது. இது புற்று இல்லை என்றே தோன்றுகிறது. "ஆனால் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு புற்று இல்லை என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும்" என்றார். அந்த நேர்மையை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

உறவினர் ஒருவருக்குப் புற்றுநோய் அடைப்பில் ஸ்டென்ட் என்னும் விரியும் வலைக்குழாயை வைத்து வழி திறந்திருந்தார்கள். அதைக் கேட்டேன். அழற்சியோடு பிதுங்கிய பைகள் இருக்கிற குடலில் ஸ்டென்ட் வைத்தால் ஓட்டை விழும் ஆபத்து அதிகம், அது இதற்கு ஏற்றதில்லை என்றார். வெட்டி எடுத்துவிட்டு உடனே இணைத்துவிடலாமே என்று கேட்டேன். மேல்குடல் மூன்று நாள் ஊதி நொந்திருக்கிறது, உள்ளே மலம் நிறைந்திருக்கிறது, உடம்பு தளர்ந்திருக்கிறது. இப்போது தைத்தால் தையல் கசிந்து வயிறு முழுக்கச் சீழ் பரவலாம். ஆகவே சுருங்கிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, கீழ்முனையைத் தைத்து மூடி உள்ளேயே விட்டுவிடுவார்கள். மேல்முனையை வயிற்றுத் தோலில் ஒரு வாய் வைத்து வெளியே கொண்டுவருவார்கள்; மலம் அதன்மேல் ஒட்டும் ஒரு பையில் சேரும். ஹார்ட்மன் அறுவைச் சிகிச்சை என்று பெயர். ஆன்ரி ஹார்ட்மன் என்ற பிரெஞ்சு சர்ஜன் 1921-இல் புற்றுநோய்க்காக விவரித்த முறை. நூறு ஆண்டு கழிந்தும் இப்படிப்பட்ட அவசரத்தில் உயிர் காக்கிறது. பிறகு உடம்பு தேறினால் திரும்ப இணைக்கலாம் என்றார். எல்லோருக்கும் அது கூடிவருவதில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார்.

கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு செவிலியர் மார்க்கர் பேனாவோடு வந்தார். அம்மாவைத் தாங்கி உட்கார வைத்து, "பாட்டி, சேலைக் கட்டு எந்த இடத்தில் வரும்?" என்று கேட்டார். அம்மா அந்த வலியிலும் விரலால் இடுப்பில் கோடு போட்டுக் காட்டினாள். கொசுவம் செருகும் இடத்தைத் தவிர்த்து, வயிற்று மடிப்பில் மாட்டாமல், அம்மா குனிந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒரு வட்டம் வரைந்தார். இரண்டு நிமிட வேலை. அடுத்த ஆறு மாதம் அம்மா தன் கையாலேயே பையை மாற்ற முடிந்ததற்கு அந்த வட்டம்தான் காரணம். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நிலை வந்தால், தியேட்டருக்குள் கொண்டுபோகும் முன் அடையாளம் போடச் சொல்லிக் கேளுங்கள். அவசரத்தில் இது விட்டுப்போவது உண்டு.

அறுவைச் சிகிச்சை மூன்றேகால் மணி நேரம் ஆயிற்று. முடிந்ததும் சர்ஜன் என்னைக் கூப்பிட்டு, எவர்சில்வர் தட்டில் எடுத்த பகுதியைக் காட்டினார். ஒரு சாண் நீளம் இருக்கும். குடல் என்றால் தொளதொளவென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது கெட்டியாக, தடித்த தோல் வார் மாதிரி கிடந்தது. அவர் கையுறை போட்ட சுண்டுவிரலை அதன் வாயில் நுழைத்தார். நகம் உள்ளே போன அளவோடு விரல் நின்றுவிட்டது. அந்த வழியாகத்தான் அம்மா இத்தனை மாதம் ஒப்பேற்றியிருக்கிறாள்.

வார்டுக்கு வந்த பிறகு எங்களுக்கு ஒரே வேலைதான். வாயு வருகிறதா என்று பார்த்திருப்பது. குடல் விழித்துக்கொண்டதற்கு அதுதான் அடையாளம். அந்த வார்டில் யாரும் யாரையும் சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லை. "உங்களுக்கு வாயு பிரிந்ததா?", "நேற்று ராத்திரி பிரிந்தது, இன்றைக்குக் கஞ்சி கொடுத்துவிடுவார்கள்" என்று கட்டிலுக்குக் கட்டில் விசாரிக்கிறார்கள். முதல் நாள் எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டாம் நாள் நானும் பக்கத்துக் கட்டில்காரரைக் கேட்டேன். அம்மாவின் பையில் இரண்டு நாளும் கொஞ்சம் செந்நீர் மட்டுமே இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் கேன்டீனில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மனைவி போனில் கூப்பிட்டாள். "பை ஊதியிருக்கிறது" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை, அழுதுகொண்டிருந்தாள்.

புற்று இல்லை என்ற அறிக்கை பதினோராம் நாள் வந்தது. அந்தப் பதினொரு நாளைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

பையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டுக்கு வந்த பிறகு தனியாக நின்று தவித்தது அங்கேதான். வெளியே தெரியும் குடல்வாய் செக்கச்சிவந்து, ஈரமாக, உதட்டின் உள்பக்கம் மாதிரி இருக்கும். தொட்டால் வலிக்காது. துடைக்கும்போது துளி ரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டாம். கறுத்தாலோ நீலம் பாரித்தாலோ உடனே ஓட வேண்டும். முதல் ஆறேழு வாரம் அது சுருங்கிக்கொண்டே வரும். அதனால் பையைத் தோலோடு பிடித்து வைக்கும் ஒட்டும் தட்டில் வெட்டும் துளையின் அளவை ஒவ்வொரு வாரமும் அளந்து பார்க்க வேண்டும். நாங்கள் முதல் அளவையே வைத்துக்கொண்டு வெட்டினோம். துளை பெரிதாகிவிட்டது, மலம் தோலில் பட்டு, சுற்றிலும் வெந்துபோயிற்று. குடல்வாயைவிட இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் போதும். தட்டைப் பிய்க்கக் கூடாது. ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் மெல்ல உரிக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரே போதும், நன்றாக ஒற்றிக் காயவிட்டு ஒட்ட வேண்டும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும். பாரம் ஏறினால் ஒட்டு விட்டுவிடும். ஒன்றை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை: கீழ்வழியிலும் அவ்வப்போது சளி மாதிரி வெளியேறும். மூடி வைத்த கீழ்க்குடல் சுரக்கும் சளி அது. அதைப் பார்த்து உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்று அம்மா ஓர் இரவு முழுவதும் தூங்கவில்லை.

தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். "இதை வைத்துக்கொண்டு சாமி முன்னால் எப்படி நிற்பது?" என்றாள். மறுபரிசோதனைக்குப் போனபோது வட்டம் வரைந்த அதே செவிலியரிடம் இதைச் சொன்னேன். அவர் அம்மாவின் தோளைத் தொட்டு, "எல்லோர் வயிற்றுக்குள்ளும் இருப்பதுதானே, பாட்டி. உங்களுக்கு மூடி போட்டு வெளியே இருக்கிறது" என்றார். ஆடி மூன்றாம் வெள்ளி, பையை மாற்றிக்கொண்டு, தலைக்குக் குளித்து, அம்மா கிளம்பிவிட்டாள். நான் பின்னால் போனேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

சாப்பாட்டில் ஊரே யோசனை சொன்னது. கொய்யா கூடாது, தக்காளி கூடாது, கத்தரிக்காய் கூடாது, விதை போய்க் குடலின் பிதுக்கப் பையில் மாட்டிக்கொள்ளும் என்றார்கள். ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படிச் சொன்னார்கள். 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2008-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, கொட்டை வகையும் சோளப்பொரியும் தின்றவர்களுக்கு இந்த நோய் கூடுதலாக வரவில்லை என்று காட்டிவிட்டது. நார்ச்சத்துக் குறைவே இதற்குக் காரணம் என்று 1971-இல் பெயின்டர், பர்கிட் என்ற இரு பிரிட்டிஷ் சர்ஜன்கள் எழுதினார்கள். இன்று அது அவ்வளவு நேரான கணக்கு இல்லை என்கிறார்கள். உடல் பருமன், புகை, வலி மாத்திரை, பிறப்போடு வருவது எல்லாம் சேர்ந்துதான். ஆனாலும் நார்ச்சத்து நல்லதே. எப்போது என்பதுதான் முக்கியம். குடல் சுருங்கியிருக்கும்போது அது அடைக்கும். அறுவைச் சிகிச்சை முடிந்த புதிதில் குழைந்த சோறு, இட்லி, தெளிந்த ரசம்; குடல் தேறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கீரை, கேழ்வரகு, கொய்யா. கூடவே தண்ணீர்.

புரட்டாசியில் திரும்ப இணைக்கத் தேதி கொடுத்தார்கள். அதற்கு முன் குடல்வாய் வழியாகக் கேமரா விட்டு மீதிப் பெருங்குடலையும், கீழ்வழியாக மூடிய பகுதியையும் பார்த்தார்கள். அதைச் செய்யாமல் இணைக்கச் சம்மதிக்காதீர்கள். முன்பு அடைப்பினால் உள்ளே பார்க்க முடியாத இடங்களை இப்போது பார்த்தே ஆக வேண்டும். இணைத்த இடம் கசியும் ஆபத்து இந்தச் சிகிச்சையிலும் உண்டு. முதல் வாரம் காய்ச்சலோ, நாடித்துடிப்பு ஏறுவதோ இருந்தால் உடனே சொல்லும்படி எங்களிடம் கூறியிருந்தார்கள்.

நாலாம் நாள் காலை ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கிக்கொண்டு வார்டுக்குள் போனேன். மனைவி துணி மாற்ற வீட்டுக்குப் போயிருந்தாள். அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் பை இருந்த இடத்தில் சிறிய பஞ்சுக் கட்டு. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அம்மா, வாயு பிரிந்ததா?"

அவள் சுவரைப் பார்க்கவில்லை.

"விடிந்ததிலிருந்து மூன்று தரம், தம்பி" என்றாள். "சிஸ்டரிடம் போய்ச் சொல், கஞ்சி கொடுக்கலாமா என்று கேள்."